கேத்தலின் வெண்படிவும் கண்ணாடித் தொட்டிச் செடியும்

கோப்பாய்க் கிணற்றுநீரை நாள்தோறும் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியிலே வெண்ணிறப் படிவொன்று ஏறிவிடுவதை அவ்வூர் இல்லத்தரசியர் நன்கறிவர். பழப்புளி இட்டுத் தேய்த்து அதனைப் போக்குவதும் அவர்தம் வழக்கம். அப்படிவு எங்கிருந்து வந்தது என்று வினவப் புகுந்தால், கண்ணாடித் தொட்டியிலே மீனும் செடியும் வளர்க்கும் இளைஞர் எதிர்ப்படும் இடர் ஒன்றின் காரணமும் உடன் விளங்கும்.

வலிகாமத்து நிலம் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. மழைநீர் செம்மண்ணூடே இறங்குங்கால், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமிலவாயுவை ஏற்று, மெல்லிய அமிலமாகிக் கல்லைக் கரைக்கின்றது. இவ்வாயுவையே விஞ்ஞான நூலார் காபனீரொட்சைட்டு என்பர். நவக்கிரியிலுள்ள நிலாவரையும் இவ்வாறு கல் கரைந்து உண்டான பள்ளமே. கரைந்த கல் நீரிலே இருகாபனேற்று என்னும் உருவில் தங்கும். கொதிக்கும்போது வாயு நீங்க, கல் மீண்டும் படியும். கேத்தலின் கதை அவ்வளவே.

சுண்ணாம்புக்கல்லுள் ஒரு வாயு அடங்கியிருத்தலை 1756ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வினால் நிறுவியவர் ஸ்கொத்லாந்து அறிஞர் யோசெப்பு பிளாக். 1771இல் ஆங்கில நாட்டு யோசெப்பு பிறீஸ்லி, மெழுகுதிரி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி திருத்துவதைக் கண்டார். அதற்குச் சூரிய ஒளி இன்றியமையாதது என 1779இல் இங்கென்கூசு காட்டினார். எனினும் நம் பொருளுக்கு முதல்வராகக் கொள்ளத்தக்கவர் செனீவா நகரத்துச் செனெபியரே. கொதித்து ஆறிய நீரில் அமிழ்த்திய இலையிலிருந்து வெயிலிலும் குமிழி எழவில்லை. பிளாக் கண்ட வாயுவைக் கரைத்த நீரிலோ குமிழிகள் நிரம்ப எழுந்தன. இம்முடிபுகளை அவர் 1782இல் வெளியிட்டார். நீரினுள் இருக்கும் இலைக்கு வாயுவை ஊட்டுதல் என்னும் இற்றைக் கலையின் வித்து அங்கே உள்ளது.

1850இல் இலண்டன் இரசாயனவறிஞர் உவாரிங்டன், பொன்மீன் இரண்டும் வலிசுநேரியாச் செடியும் ஒரே கலத்தில் வாழ்தலை விளக்கினார். அழுகும் இலைகளால் நீர் கலங்கவே, நத்தைகளையும் சேர்த்தார். மீன் விடும் வாயுவைச் செடி உண்ணும், செடி விடும் பிராணவாயுவை மீன் உண்ணும் என்னும் அச்சமநிலைக் கொள்கை மிகவும் அழகியது. ஆயினும் அதனை அளவறியாது நம்பியோர் பலர் என்றே நான் கருதுகின்றேன். காற்றோடு ஒத்துநிற்கும் ஒரு லீற்றர் நீரில் இவ்வாயு ஏறத்தாழ அரை மில்லிகிராமே கரைந்திருக்கும்; அதுவும் காற்றில் பரவுவதினும் பதினாயிரம் மடங்கு மெதுவாகவே நீரில் பரவும். செடிகள் மிகுந்த தொட்டியின் பசியைச் சில மீன்களின் மூச்சுத் தீர்த்துவிடாது. மீன்களைப் பெருக்கினாலோ, செடிகளும் பிராணவாயுவை உட்கொள்ளும் இரவிலே, விடியுமுன் அவை நீர்மட்டத்தில் வாய்பிளந்து நிற்கும்.

ஆதலின் வாயுவை வெளியிலிருந்து செலுத்தும் முறை தோன்றிற்று. 1980களில் யேர்மனியர் இதற்கான கருவிகளைத் திருத்தமுறச் செய்தனர். யப்பானியராகிய தகாசி அமானோ (1954–2015) 1990களில் தம் நிழற்பட நூல்களால் இதனை உலகெங்கும் பரப்பினார். எளியோர் சீனிக்கரைசலில் ஈஸ்ற்றை இட்டு வாயுவைப் பெறுவர். நம்மூர்க் கள்ளின் நுரையை எழுப்புவதும் அவ்வாயுவே.

இனிக் கோப்பாய்க்கு வருவோம். நம் கிணற்றுநீரில் காபன் இல்லாமலில்லை. இருகாபனேற்றாகப் பூட்டுண்டு கிடக்கின்றது. ஐதரில்லாவும் வலிசுநேரியாவும் அப்பூட்டைத் திறந்து உண்ணவல்லன. அதனாலேயே வன்னீரில் அவற்றின் இலைமேல் சுண்ணாம்பு படிதலுமுண்டு. கபொம்பா போன்றவற்றுக்கு அவ்வாற்றல் இல்லை. அவற்றுக்கே வாயு வேண்டும்.

இங்கேதான் இடர் பிறக்கின்றது. பிறநாட்டு நூல்கள் நீரின் பி.எச். எண் 6.8 ஆகும்வரை வாயுவைச் செலுத்துக என்று கூறுதலுண்டு. காபனேற்று வன்மை 4 பாகையுள்ள மென்னீரில் அவ்வெண் லீற்றருக்கு 19 மில்லிகிராம் வாயுவைக் குறிக்கும், மீனுக்குத் தீங்கில்லை. வன்மை 14 பாகையாயின், அதே எண் 66 மில்லிகிராமைக் குறிக்கும். வழக்கமாகக் கொள்ளும் மேலெல்லை 30 மில்லிகிராம் அளவே. நூல் சொன்னபடி ஒழுகியவருடைய தொட்டியில் செடி செழித்திருக்க, மீன் மாண்டு மிதக்கும்.

பி.எச். எண்ணை மட்டும் நோக்காது, புரோமோதைமோல் நீலம் இட்ட சிறு கண்ணாடிக் குமிழைத் தொட்டியினுள் தொங்கவிடுதலே தக்க வழி. நீலம் வாயுக் குறைவையும், பச்சை அளவானதையும், மஞ்சள் மிகுதியையும் காட்டும். நிறம் மாற ஓரிரு மணிநேரம் செல்லும். ஆகவே பொறுத்திருந்து பார்த்தல் வேண்டும். விளக்கு அணையுமுன் வாயுவை நிறுத்தி, இரவில் நீர்மட்டத்தை அசையவிடுதலும் வேண்டும். குமிழினுள் இடவேண்டியது வாலைவடித்த நீரிற் செய்த 4 பாகைக் கரைசலே. கோப்பாய்க் கிணற்றுநீரை அதில் ஊற்றிவிட்டால், மீன் திணறும் வேளையிலும் அது பச்சையாகவே நிற்கும்.