கடலடித் தந்தியும் காட்டு மரமும்

நாகூர், நாகப்பட்டினம் முதலிய கரையோர ஊர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வாணிபம் கருதிச் சென்ற நம் முன்னோர், தம் நலத்தை ஊருக்கு அறிவிக்கப் பருவக்காற்றையும் பாய்க்கப்பலையும் எதிர்பார்த்திருந்த காலம் ஒன்றுண்டு. கடிதம் வந்து சேருமுன் அதனை எழுதியவர் மறைந்துவிடுவதும் அக்காலத்தில் நேர்ந்ததே. 1871ஆம் ஆண்டு வாக்கில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடித் தந்தி வடம் இயங்கத் தொடங்கிய பின்னர், வாரக்கணக்கில் பயணம் செய்த செய்தி சில மணி நேரத்தில் கரை சேர்ந்தது.

இவ்வரலாற்றை எழுதுவோர் பொறியாளரின் திறமையையும் கப்பலோட்டியின் துணிவையும் போற்றுவர். போற்றத் தக்கனவே. ஆயின், அவ்வடத்தின் செப்புக் கம்பியைக் கடல்நீர் தீண்டாது காத்து நின்ற ஒரு மரத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். அம்மரத்தின் கதையையே ஈண்டு நாம் சொல்லப் புகுகின்றோம்.

மரப்பாலின் மாண்பு

மலாய் மொழியில் ‘கெத்தா’ என்பது மரப்பாலைக் குறிக்கும் சொல். ‘கெத்தா பெர்ச்சா’ என்று மலாய் மக்கள் வழங்கியதையே ஆங்கிலேயர் ‘குட்டா பெர்ச்சா’ என்றனர். நம்மூர் இலுப்பையும் மகிழும் எக்குடும்பத்தைச் சேர்ந்தனவோ, அக்குடும்பத்தைச் சேர்ந்ததே இப்பாலைத் தரும் காட்டு மரமும். வெந்நீரில் இட்டால் இப்பால் களிமண்போல் இளகும். விரும்பிய வடிவில் பிடித்து ஆறவிட்டால் கட்டை போல் இறுகும். மலாய் மக்கள் இதனால் கத்திக்குக் கைப்பிடி செய்து வந்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கமரி இதனைக் கண்டு வியந்து, 1843இல் இலண்டனுக்கு மாதிரிகளை அனுப்பினார்.

அக்காலத்துத் தந்தி ஆராய்ச்சியாளர் ஒரு பெருஞ்சிக்கலில் உழன்று கொண்டிருந்தனர். தரைமேல் கம்பங்களில் ஓடிய மின்சாரம், கம்பியைக் கடலில் இறக்கியதும் நீரில் கசிந்து வீணாயிற்று. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் உறை ஒன்று வேண்டும். அது உப்புநீரில் கெடாததாகவும், ஆழ்கடலின் குளிரையும் அழுத்தத்தையும் தாங்குவதாகவும் இருத்தல் வேண்டும். இத்தனை குணங்களும் இம்மரப்பாலில் அமைந்திருந்தன. மைக்கேல் ஃபாரடே 1848இல் இதன் மின்தடுப்பு ஆற்றலை எடுத்துரைத்தார். 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த வடம் இப்பால் பூசியதே. 1858இல் அட்லாண்டிக் கடலின் அடியில் இடப்பட்ட வடமும் அவ்வாறே. விக்டோரியா அரசியார் அனுப்பிய 98 சொற்களைக் கடத்த அவ்வடம் ஏறத்தாழ 16 மணி நேரம் எடுத்துக் கொண்டது; மூன்று வாரங்களில் ஊமையாயிற்று. 1866இல்தான் நிலையான தொடர்பு கைகூடிற்று.

மரம் கொடுத்த விலை

இரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கலாம், மரம் பிழைத்திருக்கும். இம்மரத்தின் பாலோ கீறினால் தாராளமாக ஒழுகுவதில்லை. ஆகவே மரத்தையே வெட்டி வீழ்த்தி, பட்டையில் வளையம் வளையமாக வெட்டிப் பால் எடுத்தனர். பல்லாண்டுகள் வளர்ந்த மரமும் சொற்ப அளவே தந்தது. எஞ்சிய பால் பட்டைக்குள்ளேயே தங்க, மரம் காட்டில் கிடந்து மக்கிற்று.

முதல் அட்லாண்டிக் வடத்திற்கு மட்டும் 250 டன்னுக்கும் மேற்பட்ட பால் தேவைப்பட்டது. மரத்துக்கு அரைக் கிலோ என்று கொண்டாலும், மூன்று வாரங்கள் பேசி ஓய்ந்த ஒரு கம்பிக்காக வீழ்ந்தவை ஐந்து இலட்சம் மரங்களாகும். சிங்கப்பூர்த் தீவின் காடுகளில் மிகுதியாக நின்ற அம்மரம், ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குள் அங்கு அருகிப் போயிற்று. பின்னர் ஜொகூர், சுமத்திரா, போர்னியோக் காடுகளுக்குக் கோடரி நகர்ந்தது.

இதனை வெள்ளையரின் பேராசை என்று கூறி முடித்துவிட்டால் நமக்கு எளிதாக இருக்கும். ஆனால் உண்மையை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. காட்டில் கோடரி எடுத்தவர்கள் அந்நாட்டு மக்களே. அவ்வாணிபத்தைத் தம் கைக்குள் வைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டியவர்களுள் ஜொகூரின் தெமெங்கோங் இப்ராஹீமும் ஒருவர். அவர் முஸ்லிம் தலைவர். ‘மீஸான்’ எனும் சமநிலையைக் குலைக்காதிருக்குமாறு அர்ரஹ்மான் அத்தியாயம் கட்டளையிடுவதை ஓதும் சமுதாயத்தைச் சேர்ந்தவர். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்யும்போதும் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த பாடம். அப்பாடத்தை அறிந்தோரும் அறியாதோரும் இலாபத்தின் முன் ஒன்றாகவே நின்றனர் என்பதே இவ்வரலாறு காட்டும் கசப்பான உண்மை.

காலந்தாழ்த்தி வந்த ஆராய்ச்சி

கம்பியில் செய்தி விரைவதெப்படி என்று வில்லியம் தாம்சன் போன்ற பேரறிஞர் இரவு பகலாக ஆராய்ந்தனர். அம்மரம் மீண்டும் முளைப்பதெப்படி என்று ஆராய்வதற்கோ நெடுங்காலம் எவரும் முன்வந்திலர். 1885இல்தான் டச்சுக்காரர் ஜாவாவில் ‘ச்சிப்பெத்திர்’ என்னுமிடத்தில் தோட்டம் வைத்தனர். அங்கே மரத்தை வீழ்த்தாமல் இலைகளைப் பறித்து அரைத்துப் பால் எடுக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. தொடக்கத்திலேயே இவ்வழியைத் தேடியிருந்தால் எத்தனை காடுகள் எஞ்சியிருக்கும்! அத்தோட்டத்தின் பெயர் பொறித்த பால்கட்டிகள், எக்காலத்திலோ மூழ்கிய கப்பலிலிருந்து வெளிப்பட்டு, அண்மை ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கடற்கரைகளில் ஒதுங்கியுள்ளன. நூறாண்டு கடந்தும் அவை கெடவில்லை.

1933இல் இங்கிலாந்தில் பாலிதீன் கண்டறியப்பட்டது. 1956இல் அட்லாண்டிக்கில் இடப்பட்ட முதல் தொலைபேசி வடத்துக்கு அதுவே உறையாயிற்று. மரம் தப்பியது, நம் கருணையினால் அன்று, அது தேவையற்றுப் போனதினால்.

கண்ணாடியின் காலம்

பின்னர் வந்தது ஒளியிழை. மயிரிழை போன்ற கண்ணாடிக்குள் ஒளியைச் செலுத்தினால் அது ஓரங்களில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்பி ஓடும். ஆனால் அந்நாளைய கண்ணாடியில் சிறிது தொலைவிலேயே ஒளி மங்கிற்று. குற்றம் கண்ணாடியினுடையதன்று, அதில் கலந்த மாசினுடையது என்று 1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் காவோவும் ஹாக்கமும் எடுத்துரைத்தனர். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அத்தகைய தூய இழையைச் செய்து காட்டினர். 1988இல் அட்லாண்டிக்கைக் கடந்த ஒளியிழை வடம் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 40,000 உரையாடல்களைச் சுமந்தது. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே, பழைய தந்தி சென்ற அதே கடலில், ஒளியிழை இடப்பட்டது. காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிட்டியது.

ஒளி கண்ணாடியில் புகும்போது வளையும் விதியைப் பகுதாதில் இப்னு ஸஹ்ல் 984ஆம் ஆண்டளவில் எழுதி வைத்தார். பஸராவில் பிறந்த இப்னு ஹைதம் ‘கிதாபுல் மனாழிர்’ இயற்றினார். இவற்றைச் சொல்லி மார்தட்டுவதில் நமக்கு இன்பம் உண்டு. ஆனால் ஏட்டைத் திறந்து வைத்தவர் முன்னோர். அதை மூடி வைத்து உறங்கியவர் நாம். பெருமை பேசுவதை விட, எஞ்சிய பக்கங்களை எழுதுவதே அவர்களுக்கு நாம் செய்யும் நன்றிக்கடன்.

எஞ்சிய பக்கம் எது? செம்பைவிட ஒளியிழை சிக்கனமானது. குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு செல்வது. எனினும், செய்தியைச் சேமித்து வைக்கும் கணினிக் கூடங்கள் 2024இல் உலக மின்சாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கை விழுங்கின. 2022இல் உலகம் கழித்தெறிந்த மின்னணுக் கருவிகள் 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறைப்படி சேகரித்து மீட்கப்பட்டதாகப் பதிவானது கால் பங்கினும் குறைவு. வீழ்த்திய மரத்தில் சிறிது பாலை எடுத்துக்கொண்டு மீதத்தைக் காட்டில் விட்ட அதே பழக்கம், வேறு உருவில் தொடர்கின்றது.

ஆற்றலைக் குறைக்கும் ஆராய்ச்சிகள் நடைபெறாமலில்லை. அவற்றில் நம் இளைஞர் பங்கு கொள்ளல் வேண்டும். புதுக்கருவி ஒன்று கைக்கு வரும்போது, ‘இது எத்துணை விரைவு?’ என்பதுடன், ‘இது எதை அழித்து உருவாயிற்று? பயன் தீர்ந்தபின் எங்கே போய்ச் சேரும்?’ என்றும் வினவும் பழக்கத்தை மதரஸாவிலும் கல்லூரியிலும் நாம் ஊட்டுதல் வேண்டும். மனிதனைப் பூமியில் கலீஃபாவாக அமைத்தான் இறைவன். காடும் கடலும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத். அமானத்திற்குக் கணக்குக் கொடுக்கும் நாள் ஒன்றுண்டு. அந்நாளில் நாணாது நிற்கும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!