ஆய்வேடு

ஒரு மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, சான்று தேடி, வாதம் கட்டி, நெறியாளரின் பார்வையில் எழுதி ஒப்படைக்கும் நூல் ஆய்வேடு. முதுகலை மாணவரின் ‘ப்ராஜெக்ட்’ முதல் முனைவர் பட்ட நூல் வரை அளவு மாறும். சொன்னதற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற கட்டளை எல்லாவற்றுக்கும் ஒன்றே. தமிழ்நாட்டில் இதைக் கற்பித்த வரலாற்றைச் சவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டை வைத்தே பெருமளவு சொல்லிவிடலாம்.

படவேட்டு யோகராமர் கோயிலில் இராமர் வில்லில்லாமல் சின்முத்திரையோடு அமர்ந்திருக்கிறார். எதிரே அனுமன் கையில் சுவடி. படிப்பவர் ஒருவர், பொருள் சொல்பவர் ஒருவர்: பழைய பாடசாலை முறை இதுதான். அந்த மரபு எழுதும் முறையையும் விதித்திருந்தது. நன்னூலின் பாயிரம் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும், வேண்டிய பத்து அழகுகளையும், 32 உத்திகளையும் எண்ணிச் சொல்கிறது. பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது, இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணிவது ஆகியவற்றையும் ‘மதம்’ என்ற பெயரில் ஏழாக வகுக்கிறது. இன்றைய ஆய்வேட்டின் ‘முன்னாய்வுகள்’ இயலில் மாணவர் செய்ய வேண்டிய வேலையும் இதுவே. அதை நன்னூலிலிருந்து தொடங்கி நடத்தும் வகுப்புகள் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

அச்சு வந்த பிறகு சான்று காட்டும் முறை இறுகியது. 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்புக்காக உ.வே.சாமிநாதையர் பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டார். நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்தெந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடினார். அந்தத் தேடல் அவரைச் சங்க நூல்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கல்லூரி வகுப்பறையிலிருந்தும் ஆராய்ச்சி எழுத்து பிறந்தது: சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோதுதான் மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையை 1903இல் வெளியிட்டார்.

அதே காலத்தில் படவேடும் அச்சேறியது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்து 1890இல் வந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியிலேயே இவ்வூருக்கு இடம் உண்டு. அம்மையப்பேசுவரர் கோயில் கல்வெட்டு சக ஆண்டு 1180ஐக் குறிக்கிறது. அதாவது கி.பி. 1258. சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊரைப் பற்றி எழுதும் எவரும் இந்தப் பக்கங்களைத் தொட்டாக வேண்டும். தொகுதியின் அமைப்பே ஒரு பாடம்: முதலில் மூலம், பிறகு மொழிபெயர்ப்பு, கீழே ஐயங்களைச் சொல்லும் அடிக்குறிப்பு. தெளிவாகத் தெரியாத எழுத்தைத் தெரிந்ததுபோல் அச்சிடாமல் பகர அடைப்புக்குள் வைப்பது கல்வெட்டுப் பதிப்பின் வழக்கம். எழுதுபவரின் நேர்மைக்கு இதைவிடச் சிறிய, இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது அரிது.

இந்த நேர்மை கைவேலையாகவும் கற்பிக்கப்படுகிறது. கல்வெட்டுப் படியெடுக்கும் மாணவர் முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவுகிறார். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டுகிறார். பிறகு மை ஒற்றுகிறார். பள்ளம் வெள்ளையாக நிற்க, சுற்றிலும் கறுக்கிறது. அவசரப்பட்டு உரித்தால் தாள் கிழியும். மை மிகுந்தால் எழுத்து அடைந்துபோகும். மாநிலத் தொல்லியல் துறை 1992–93இல் படவேட்டில் அகழாய்வு செய்தபின், கல்வெட்டுச் செய்தியை மண்ணடுக்கோடு ஒப்பிடும் வழியும் இவ்வூர் ஆய்வாளருக்குத் திறந்தது.

சவ்வாது மலைக்கு மேற்கே திருப்பத்தூர். அங்கே தாலுகா அலுவலக எழுத்தராக இருந்த மு.வரதராசன் தானே படித்து, 1935 வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதலாவதாக வந்தார். உள்ளூரில் பள்ளி ஆசிரியரானார். 1939இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காக 1948இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. தமிழுக்காக அப்பல்கலைக்கழகம் தந்த முதல் முனைவர் பட்டம் அது. ஆனால் அந்த ஆய்வேட்டின் மொழி ஆங்கிலம். தமிழைப் பற்றித் தமிழில் ஆய்வேடு எழுதுவது இயல்பாவதற்கு மேலும் காலம் பிடித்தது.

அந்த மாற்றத்துக்குக் கல்லூரிக்கு வெளியே நடந்த வகுப்பு ஒன்றும் துணைநின்றது. 1967இல் பாளையங்கோட்டையில் நா.வானமாமலை தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழுவில் கட்டுரையை எழுதி வந்து வாசிக்க வேண்டும். பிறகு கூடியிருப்பவர்களின் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். 1969 முதல் வந்த ‘ஆராய்ச்சி’ இதழ் அப்படிப்பட்ட கட்டுரைகளுக்கு இடம் தந்தது. பிறர் முன்னிலையில் தன் வாதம் உடைவதைப் பார்த்து மறுபடி எழுதும் பயிற்சி, எந்தப் பாடத்திட்டமும் தர முடியாத ஒன்று. பல்கலைக்கழகங்களில் ‘ஆய்வு நெறிமுறைகள்’ தனித் தாளாக வந்ததும், தமிழண்ணலும் இலக்குமணனும் எழுதிய ‘ஆய்வியல் அறிமுகம்’ போன்ற நூல்கள் மாணவர் கைக்கு வந்தன. கருதுகோள், முதன்மைச் சான்று, துணைமைச் சான்று என்ற சொற்கள் வகுப்பறைப் பேச்சாயின.

2009க்குப் பிறகு விதிகளின் காலம். பல்கலைக்கழக மானியக் குழு, முனைவர் பட்டத்துக்கு முன் ‘கோர்ஸ் வொர்க்’ கட்டாயம் என்றது. ஏற்கப்பட்ட ஆய்வேடுகள் ‘ஷோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் ஏறத் தொடங்கின. படவேட்டுக்கு அருகிலுள்ள போளூரிலிருந்து படிக்கும் மாணவரும் வேறு மாநில ஆய்வேட்டைக் கைப்பேசியில் திறந்து பார்க்க முடிகிறது. 2018இல் வந்த விதி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடுவரை தண்டனையில்லை என்றும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும் என்றும் வகுத்தது. ஆய்வறம் பற்றிய தனிப்பாடமும் அடுத்த ஆண்டு கட்டாயமானது.

2022 நவம்பர் ஒழுங்குமுறையில் எம்.ஃபில். பட்டம் நிறுத்தப்பட்டது. இது பெரிய இழப்பு. ஒரு சிறிய ஊரை, ஒரு கோயிலை, சில கல்வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தவறு செய்து திருத்திக்கொள்ள ஒரு மாணவருக்குக் கிடைத்துவந்த ஓராண்டு அது. படவேடு போன்ற ஊர்களுக்குப் பொருந்திய அளவும் அதுவே. அந்தப் பயிற்சியின் சுமை இப்போது முதுகலைக் கடைசிப் பருவத்து ‘ப்ராஜெக்ட்’ மீது இறங்கியிருக்கிறது.