வீட்டுச் சர்க்கஸ் விளையாட்டுகள் (பெட்டாலிங் ஜெயா)

வீட்டுச் சர்க்கஸ் விளையாட்டுகள் என்பவை, பிறந்தநாள், பள்ளி விடுமுறை, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு போன்ற நாள்களில் சிறுவர்களுக்காக வீட்டிலேயே நடத்தப்படும் வித்தை விளையாட்டுகள். கயிற்று நடை, வளையம் எறிதல், கோமாளி ஆட்டம் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் வரிசை வீடுகளின் கார் போர்ச்சும் முன்கூடமும் இவற்றுக்கான அரங்கம் ஆகின்றன.

வரலாறு

இவ்விளையாட்டுகளின் மூல வித்தைகள் மிகப் பழமையானவை. குறுந்தொகையின் 7ஆம் பாடலில், கயிற்றின் மேல் ஆடும் கூத்தரின் பறையொலி, காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுக்கு உவமையாகிறது. மூங்கில்களை நட்டு, இடையே கயிறு கட்டி, பறை முழங்க நடக்கும் கழைக்கூத்து பிற்காலத்திலும் தமிழக ஊர்களில் தொடர்ந்தது. ஆகவே சர்க்கஸ் வித்தைகளைத் தமிழருக்குப் புதியவை எனக் கொள்வது பொருந்தாது.

வித்தைகளை வட்ட அரங்கில் தொகுத்தவர் இங்கிலாந்தின் பிலிப் ஆஸ்ட்லி. 1768இல் இலண்டனில் குதிரைச் சாகசங்களைத் தொடங்கிய அவர், வட்டத்தில் ஓடும் குதிரையின் முதுகில் நிற்பது எளிது என்பதைப் பயன்படுத்திக்கொண்டார். 1770 முதல் கயிற்று நடையாளரையும் கோமாளியையும் சேர்த்துக்கொண்டார். அரங்கின் விட்டம் பின்னர் 42 அடியாக நிலைபெற்றது. 1859இல் பாரிசில் ஜூல் லியோதார் அந்தரத்தில் ஊசலுக்கு ஊசல் தாவும் வித்தையை அறிமுகப்படுத்தினார்.

இந்தியாவில் விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் பம்பாயில் முதல் இந்திய சர்க்கஸை நடத்தினார். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் தலச்சேரிக்கு அருகே சிறக்கரையில் பயிற்சிப் பள்ளி நிறுவினார். ஜெமினி சர்க்கஸ் 1951இல் தோன்றியது. ஹார்ம்ஸ்டன் போன்ற ஐரோப்பியக் குழுக்கள் கிழக்காசியப் பயணங்களில் சிங்கப்பூரிலும் கூடாரம் அடித்தன. திரையில் ‘சந்திரலேகா’ (1948), ‘பறக்கும் பாவை’ (1966), ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) ஆகியவை சர்க்கஸைத் தமிழ்க் குடும்பங்களுக்கு நெருக்கமாக்கின.

வகைப்பாடு

1. சமநிலை விளையாட்டுகள்: தரையில் ஒட்டிய 10 அடி நாடா கயிறாகக் கொள்ளப்படும். சிறுவர்கள் கையில் குடை பிடித்து அதன்மேல் நடப்பர். பழகியவர் தலையில் புத்தகம் வைத்தோ பின்னோக்கியோ நடப்பர்.

2. எறிதல் விளையாட்டுகள்: நடுப்பகுதி வெட்டிய காகிதத் தட்டுகள் வளையங்களாகும். நீர் நிரப்பிய பாட்டில்கள் இலக்காகும். ஆறு மைலோ டின்களை 3, 2, 1 என அடுக்கி, சுருட்டிய காலுறையால் வீழ்த்துவதும் உண்டு. ஐந்து வயதினருக்கு 3 அடி, பத்து வயதினருக்கு 6 அடித் தொலைவு போதும்.

3. கைவித்தைகள்: மேலே எறிந்து பிடிக்கும் இவ்வித்தைகளுக்கு, மெல்லிய துணிகள் மெதுவாக விழுவதால், தொடக்கத்தில் பந்துகளைவிட அவை ஏற்றவை. ஒன்றில் தொடங்கி மூன்றுக்குச் செல்வர். அரிசி நிரப்பிய சிறு துணிப்பைகளால் ஆடும் மலாய் விளையாட்டான பத்து செரம்பானும் தமிழரின் அஞ்சாங்கல்லும் இவ்வகைக்கு உறவானவை. அவற்றை அறிந்த பிள்ளைகள் இதில் விரைவில் தேறக்கூடும்.

4. கோமாளி விளையாட்டுகள்: கண்ணைக் கட்டிக்கொண்டு படத்தில் சிவப்பு மூக்கை ஒட்டுதல், அப்பாவின் பழைய சட்டையையும் காலணியையும் அணிந்து ஓடும் தொடர் ஓட்டம், சிரிக்காமல் நிற்றல்.

5. விலங்கு வேட விளையாட்டுகள்: முகமூடி அணிந்த சிறுவர், தரையை ஒட்டிப் பிடித்த வளையத்தில் நுழைந்து செல்வர். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பயன்படுத்த இந்திய அரசு 1998இல் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2001இல் அதை உறுதிசெய்தது. வேடமிட்ட பிள்ளைகளே விலங்காகும் இவ்வகை மேலானது.

திட்டமிடல்

பெட்டாலிங் ஜெயாவின் வரிசை வீடுகள் பலவற்றின் அகலம் 20 அல்லது 22 அடி. 42 அடி அரங்குக்கு அங்கே இடமில்லை. சுண்ணக்கட்டியாலோ கயிற்றாலோ 10 அடி விட்டமுள்ள வட்டம் வரைந்தால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சுற்றி உட்காரலாம். வட்டத்துக்குள் ஒருவர் வித்தை காட்ட, மற்றவர் கைதட்டுவது இவ்விளையாட்டுகளின் உயிர். வெற்றி தோல்வி எண்ணும் போட்டியாக நடத்தினால் சிறியவர் ஒதுங்கிவிடுவர். எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ப்பு வழங்குவதே முறையான வடிவம்.

பெரியவர் ஒருவர் அரங்கத் தலைவராக நின்று பெயர் சொல்லி அழைப்பார். ஓர் ஆட்டத்துக்குப் பத்து நிமிடமாக, முழு நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிவது நல்லது. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் கூடும் இடத்தில் சொல்லி விளக்குவதைவிடச் செய்து காட்டுவது எளிது. பெட்டாலிங் ஜெயா அமைந்துள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்வதால் காலை நேரம் ஏற்றது. பிற்பகலாயின் கூடத்திலும் இடம் ஒதுக்க வேண்டும்.

பாதுகாப்பு

அலங்காரத்துக்குப் பலூன் கட்டினால் கவனம் தேவை: எட்டு வயதுக்குட்பட்டோருக்கு ஊதாத பலூனும் உடைந்த பலூன் துண்டும் மூச்சுத்திணறல் ஆபத்து தருபவை. உடைந்தவற்றை உடனே அகற்ற வேண்டும். போர்ச்சின் தரை மழையில் வழுக்கும். கோமாளி ஒப்பனைக்கு அஞ்சும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் கண்முன்னே வண்ணம் பூசினால் அச்சம் குறையும்.

இன்றைய நிலை

1950களில் குடியேற்றம் தொடங்கி, 2006இல் மாநகரான பெட்டாலிங் ஜெயாவில், இன்று வீடுகளோடு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுக்கூடங்களிலும் இவை நடத்தப்படுகின்றன.