முகப்பும் உள்ளியந்திரமும்: உஸ்மானியர் காலக் கடிகாரங்கள் கூறும் வரலாறு

கைக்கடிகாரத்தை வீட்டிலேயே பிரித்து, அதன் முகப்பையும் முட்களையும் உறையையும் விருப்பப்படி மாற்றி அமைப்பது இன்று பல நாடுகளில் பொழுதுபோக்குக் கலையாகப் பரவியுள்ளது. ஜப்பானிய செய்கோ குழுமத்தாரின் என்ஹெச் 35 என்னும் தானியங்கி இயந்திரத்தை விலைக்கு வாங்கி, உயர்விலைக் கடிகாரத்தின் சாயலில் ஒன்றைத் தம் கையாலேயே உருவாக்குகின்றனர். இவர்களுள் ஒரு சாரார் நாடிப் பெறுவது அரபு எண்கள் பொறித்த முகப்பு. திருக்குர்ஆன் பிரதிகளின் பக்க எண்களாக நாம் பார்த்துப் பழகிய அதே எண்கள்தாம். இதனைப் புதுமையெனக் கருதுவோர் உளர். ஆனால் பிறர் செய்த இயந்திரத்துக்கு நம் முகப்பைப் பொருத்தும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் பெருமையும் உண்டு, படிப்பினையும் உண்டு.

உஸ்மானியப் பேரரசில் நாள் என்பது சூரியன் மறைவதோடு தொடங்கியது. மறையும் வேளையே 12 மணி. அதிலிருந்து 12 மணி நேரம் கொண்ட இரு சுற்றுகளாக நாள் எண்ணப்பட்டது. மஃரிபுத் தொழுகையை ஒட்டிய இக்கணக்கு மக்களுக்கு இயல்பாக இருந்தது. கடிகாரத்துக்கோ அது சோதனையாயிற்று. இஸ்தன்பூலில் கோடையிலும் குளிரிலும் சூரியன் மறையும் நேரம் ஏறத்தாழ 3 மணி வேறுபடும். எனவே முட்களை அடிக்கடி திருத்தி வைக்க வேண்டியிருந்தது. பெரிய பள்ளிவாசல்களை ஒட்டி இருந்த முவக்கித்கானா என்னும் நேரக்கணிப்பு மனைகளில் வழிப்போக்கர் தம் கடிகாரத்தைச் சரிசெய்து சென்றனர். பொறி ஐரோப்பாவினுடையது, அது காட்டிய காலமோ இவர்களுடையது.

18ஆம் நூற்றாண்டில் இலண்டனிலிருந்த ஜார்ஜ் ப்ரையர், மார்க்விக் மார்க்கம் முதலான பெயர்களில் இயங்கிய பட்டறைகள் துருக்கியச் சந்தைக்கெனவே பைக்கடிகாரங்களைச் செய்தன. வெண்ணிற எனாமல் முகப்பில் அரபு எண்கள் இடம்பெற்றன. ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் உறைகள் பூட்டப்பெற்றன. வெளியுறையை ஆமையோடு அணி செய்தது. இவ்வளவோடும் வாங்கியவர் மனம் நிறையவில்லை. துருக்கிக்கு வந்து சேர்ந்த பின்னர், அங்குள்ள வெள்ளித் தட்டார் அதன்மேல் நான்காவது உறை ஒன்றையும் செய்து சேர்ப்பதுண்டு. இன்றைய ஆர்வலர் மேசைமேல் செய்வதை அன்றைய கைவினைஞர் கடைவீதியில் செய்தனர் எனலாம்.

இத்தொழிலை நாடி ஐரோப்பியரே இஸ்தன்பூலில் குடியேறியதும் உண்டு. தத்துவ அறிஞர் ரூஸோவின் தந்தை ஐசக் ரூஸோ, 1712இல் மகன் பிறப்பதற்கு முன் சில ஆண்டுகள் அந்நகரில் கடிகாரத் தொழில் புரிந்தவரே. 1797இல் பாரீஸுக்குத் தூதராகச் சென்ற செய்யித் அலீ எஃபெந்தி, புகழ்மிக்க கடிகார வல்லுநர் ப்ரெகேயின் நட்பைப் பெற்றார். ப்ரெகேயும் துருக்கியருக்கேற்ற முகப்புடன் கடிகாரங்களைச் செய்தளித்தார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். முகப்பு நம்முடையதாயிற்று, உள்ளியந்திரம் யாருடையது? திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலின் ஜைரூன் வாயிலில் தந்தை அமைத்த நீர்க்கடிகாரம் பழுதுற்றபோது, மகன் ரிள்வான் இப்னுஸ் ஸாஅத்தீ அதனைச் செப்பனிட்டு, அதன் அமைப்பை 1203இல் நூலாகவே எழுதி வைத்தார். 1206இல் அல்ஜஸரீ தம் பொறியியல் நூலை நிறைவு செய்தார். 16ஆம் நூற்றாண்டில் தகிய்யுத்தீன், எடையாலும் சுருள்வில்லாலும் இயங்கும் கடிகாரங்களைப் பற்றி அரபியில் தனி நூல் யாத்தார். இஸ்தன்பூல் வானாய்வுக் கூடத்தில் நிமிடங்களைக் காட்டும் கடிகாரத்தைக் கோள்களை ஆய்வதற்குப் பயன்படுத்தினார். அக்கூடம் 1580இல் இடிக்கப்பட்டது.

ஒரு கட்டடம் இடிந்ததால் மட்டும் ஒரு கலை அழிந்தது என்பது சரியன்று. 1547ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் ஹாப்ஸ்பர்க் அரசர் ஆண்டுதோறும் சுல்தானுக்கு அனுப்பிய திறைப் பொருள்களுள் கடிகாரங்களும் இருந்தன. திறையாகவும் வணிகச் சரக்காகவும் பொறிகள் தாமே வந்து குவிந்த இடத்தில், அவற்றைப் பெருமளவில் ஆக்கும் பட்டறைகள் வேரூன்றவில்லை. மேலுறையை அழகுபடுத்தும் கைகள் பெருகின; பற்சக்கரம் வெட்டும் கைகள் அருகின. 19ஆம் நூற்றாண்டில் மெவ்லவி தரீக்காவைச் சார்ந்த அஹ்மத் எஃப்லாகி தெதெ போன்றோர் இயந்திரத்தையும் தாமே ஆக்கினர். ஆயினும் அவர்கள் சிலரே.

அச்சந்தையில் இன்னொரு நோயும் புகுந்தது. இலண்டன் பெயர்களுக்கு இருந்த மதிப்பைக் கண்டு, வேற்றிடங்களில் செய்த மலிவான கடிகாரங்களிலும் அப்பெயர்களைப் பொறித்து விற்றனர். இன்றும் சிலர் தாம் கோத்த கடிகாரத்தில் பெருநிறுவனத்தின் பெயரும் முத்திரையும் கொண்ட முகப்பைப் பொருத்துகின்றனர். மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, வணிகரைக் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. சாயலை விரும்புவது குற்றமன்று. பெயரைப் பொய்யாக இடுவது ஏமாற்று. விற்கும்போது அது பிறர் உரிமையைப் பறிப்பதுமாகும்.

இக்கலையை நாம் குறைத்து மதிக்கவில்லை. மேற்கூறிய இயந்திரத்துக்கான முகப்பின் குறுக்களவு 28.5 மில்லிமீட்டர். மணிமுள்ளின் துளை 1.5, நிமிடமுள்ளின் துளை 0.9, நொடிமுள்ளின் துளை 0.2 மில்லிமீட்டர். முகப்பின் அடியிலுள்ள இரு சிறு கால்களை உரிய குழிகளில் அமர்த்த வேண்டும். திருகியைத் திருப்பித் தேதி மாறும் கணத்தை அறிந்து, முட்களை 12இல் நிறுத்திப் பொருத்த வேண்டும். தவறினால் நண்பகலிலோ மாலையிலோ நாள் மாறிவிடும். ஒரு தூசு போதும், வேலை கெட. இவ்வளவு பொறுமையைக் கற்பிக்கும் கலை நம் மாணவர்க்கு நன்று.

ஆனால் முட்களோடு நின்றுவிடலாகாது. துருக்கி 1926இல் சூரிய மறைவுக் கணக்கைக் கைவிட்டது. அக்காலத்துக்கெனச் செய்த முகப்புகள் அருங்காட்சிப் பொருள்களாயின. பழுதுற்ற பொறியின் உள்ளே புகுந்து, அது இயங்கும் முறையைக் கண்டு, பின்வருவோர்க்கு எழுதிவைத்த ரிள்வானின் வழி அவற்றினும் நிலையானது. முகப்பை மாற்றக் கற்ற இளைஞர், அடுத்து அதன் பின்மூடியைத் திறந்து, சுருள்வில்லும் சமன்சக்கரமும் ஏன் இயங்குகின்றன என்று கேட்கத் தொடங்கட்டும். அக்கேள்வியை எழுப்பும் ஆசிரியரும் அதற்கேற்ற பட்டறையும் நம் கல்விக்கூடங்களில் அமைய வேண்டும்.