ஏழாம் வகுப்பிலிருந்து ஆழ்கடல் வரை

பள்ளியில் சேர வரும் சிறுவனிடம் தந்தையின் பெயரைக் கேட்டால் உடனே சொல்லுகிறான்; பாட்டனின் பெயரைக் கேட்டால் விழிக்கிறான். பாட்டன் பட்ட பாட்டை அவன் வீட்டார் சொல்லவில்லை. நம் வரலாற்றை நாம் எழுதாவிடில், பிறர் எழுதியதே வரலாறாகிவிடும். ஆகவே, அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் ஒன்று போற்றிக் காத்துவரும் ஒரு கடற்படை வீரரின் வாழ்வை நம் இளைஞர்கள் முன் வைக்கிறேன்.

கார்ல் பிரஷியர் 1931-ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்தின் லாரூ மாவட்டத்தில் பிறந்தார். ஆபிரகாம் லிங்கன் பிறந்த இடமும் இன்று அம்மாவட்டத்தில்தான் உள்ளது. பிரஷியரின் தந்தை பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுதவர். கறுப்பினச் சிறுவர்க்கென ஒதுக்கப்பட்ட பள்ளியில் ஏழாம் வகுப்புவரை படித்த மகனும் பின்னர் வயலில் இறங்கினார்.

1948 பிப்ரவரியில் அவர் கடற்படையில் சேர்ந்தார். படையில் இன வேற்றுமையை நீக்கும் குடியரசுத் தலைவர் ட்ரூமனின் ஆணை அவ்வாண்டு சூலையில்தான் பிறந்தது. அதிகாரிகளுக்குச் சோறு பரிமாறும் பணியே அவருக்குக் கிடைத்தது. ஆழ்கடலில் முக்குளிக்கும் பயிற்சிக்கு அவர் விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் எழுதினார். பயிற்சிக்கூடத்தில் அவர் படுக்கையின்மேல் மிரட்டல் சீட்டுகள் கிடந்தன. எனினும் 1954-இல் தேறினார்.

அவர் வாழ்வில் ஆசிரியனாகிய என் நெஞ்சைத் தொட்ட பகுதி இனித்தான் வருகிறது. முதல்தர முக்குளிப்புப் பயிற்சியில் அவர் தோற்றார். உடல் வலிமையிலோ துணிவிலோ குறையில்லை. அறிவியல் பாடங்களே அவரைத் தடுத்தன. வயலுக்குப் போனதால் இழந்த படிப்பு, கடலுக்குள்ளும் வந்து வழிமறித்தது. அவர் மனம் தளராது புத்தகத்தை எடுத்தார். 1960-இல் உயர்நிலைப் பள்ளிக்கு இணையான தேர்வில் வென்றார். 1964-இல் அதே பயிற்சியை மூன்றாமவராக முடித்தார்.

1966-இல் ஸ்பெயின் நாட்டுக் கடலில் விழுந்த அணுகுண்டை மீட்கும் பணியின்போது, பெயர்ந்து வந்த இரும்புக் குழாய் ஒன்று அவர் இடக்காலைச் சிதைத்தது. முழங்காலுக்குக் கீழே அது வெட்டி எடுக்கப்பட்டது. பொய்க்காலுடன் பயின்று 1968-இல் மீண்டும் முக்குளிக்கும் தகுதி பெற்றார். 1970-இல் அமெரிக்கக் கடற்படையின் முதல் கறுப்பினத் தலைமை முக்குளிப்பாளரானார். 1979-இல் ஓய்வு பெற்று, 2006-இல் மறைந்தார்.

1989-இல் அவர் தம் வாழ்வைத் தாமே வாய்மொழியாகச் சொல்ல, அது பதிவு செய்யப்பட்டது. அவர் பிள்ளைகள் அந்நினைவை மேடைதோறும் கொண்டு சென்றனர். 2008-இல் அவர் பெயர் தாங்கிய கடற்படைக் கப்பல் நீரில் இறங்கியபோது, அதற்குப் பெயர் சூட்டியவர் அவருடைய பேத்தியே. உணவு பரிமாறியவரின் பெயர் ஒரு கப்பலின் பெயராயிற்று.

இளைஞர்களே! உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரும் ஒரு கடலைக் கடந்தவரே. இன்றே ஒரு குறிப்பேட்டுடன் அவரருகே அமருங்கள். வென்றதை மட்டுமன்றி, தோற்றதையும் கேட்டு எழுதுங்கள். படிப்பை விட்ட இளைஞன் ஒருவன் மீண்டும் புத்தகத்தைத் தொட அதுவே துணையாகும்.