ஆங்கிலம் கேட்ட துறவி

பாங்காக் நகரின் சாம்சென் பகுதியில், சாவோ பிரயா ஆற்றங்கரையில், ஒரு புத்த விகாரமும் ஒரு கத்தோலிக்க ஆலயமும் அருகருகே நிற்கின்றன. 1830-களில் அந்த விகாரத்தில் சயாம் நாட்டு இளவரசர் ஒருவர் காவியுடை அணிந்த துறவியாக வாழ்ந்தார். ஆலயத்தில் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த மறைப்பணியாளர் ஒருவர் வாழ்ந்தார். இளவரசரின் பெயர் மோங்குட். குருவானவரின் பெயர் பல்லெகுவா. ஒருவர் 1804-இல் பிறந்தவர். மற்றவர் 1805-இல் பிறந்தவர். ஒத்த வயதும் ஒத்த ஆர்வமும் கொண்ட இருவர் அண்டை வீட்டாராக அமைந்தது இறைவனின் திருவுளமே என்று சொல்லத் தோன்றுகிறது. பல்லெகுவா இளவரசருக்கு இலத்தீன் கற்பித்தார். இளவரசர் பல்லெகுவாவுக்குப் பாலி மொழியைக் கற்பித்தார்.

நாற்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். பாடம் சொல்லும் வாயால் என் ஆண்டவரைப் பற்றியும் சொல்ல வேண்டாமா, சொன்னால் அது நேர்மையா என்ற கேள்வி பல இரவுகள் என் உறக்கத்தைக் கெடுத்ததுண்டு. ஆகவேதான் இந்தச் சயாம் நாட்டுக் கதை என்னை விடாமல் பற்றிக்கொண்டது.

மோங்குட் துறவியானதன் பின்னணியைச் சிறிது அறிதல் வேண்டும். 1824-ஆம் ஆண்டு, இருபது வயதை எட்டும் வேளையில், அந்நாட்டு வழக்கப்படி அவர் துறவாடை ஏற்றார். இரண்டு வாரங்களுக்குள் அவருடைய தந்தையாகிய அரசர் இறந்தார். அரியணை, வேறொரு தாய்க்குப் பிறந்த அண்ணனுக்குச் சென்றது. சில திங்கள் மட்டுமே இருப்பதாகச் சென்ற இளவரசர் இருபத்தேழு ஆண்டுகள் விகாரத்திலேயே தங்கினார். அங்கே சோம்பியிருக்கவில்லை. பாலி நூல்களை ஆழக் கற்று, துறவியரின் ஒழுக்கத்தைச் சீர்திருத்தி, தம்மயுத் என்னும் புதிய துறவியர் மரபையே தோற்றுவித்தார். பின்னர் வாட் போவொன்னிவேட் என்ற விகாரத்தின் தலைவரானார்.

இலத்தீனோடு அவர் நிறைவடையவில்லை. பக்கத்து நாடாகிய பர்மாவின் பகுதிகளை 1826-இல் ஆங்கிலேயர் பறித்துக்கொண்டனர். 1842-இல் சீனப் பேரரசே அவர்களிடம் தோற்று ஹாங்காங்கை இழந்தது. அடுத்த முறை தம் நாட்டுக்கு என்பதை உணர்ந்த இளவரசர், வரப்போகிறவர்களின் மொழியை முன்னதாகவே கற்க விரும்பினார். அப்பொழுது பாங்காக்கில் அமெரிக்க நாட்டுப் பிரிந்த சபைப் போதகர் சிலர் அச்சகமும் மருந்துச் சாலையும் நடத்திக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஜெஸ்ஸி காஸ்வெல் என்பவரை 1845-இல் மோங்குட் ஆசிரியராக வருமாறு கேட்டார். காஸ்வெலுக்கு அதற்குக் கைம்மாறாகக் கிடைத்தது பொன்னோ பொருளோ அன்று. விகாரத்துக்குரிய இடத்தில் ஓர் அறை. அந்த அறையில் அவர் தம் மறையைப் போதிக்கலாம். கிறிஸ்தவத் துண்டு நூல்களை வருவோருக்கு வழங்கலாம்.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். புத்த விகாரத் தலைவர் ஒருவர், தம் மறைக்கு மாறான மறையை அறிவிக்கத் தம்முடைய எல்லைக்குள்ளேயே இடம் தருகிறார். நம் பங்குக் கோயில் வளாகத்தில் நாம் அத்தகைய இடம் தருவோமா? நான் தந்திருக்கமாட்டேன் என்றே அஞ்சுகிறேன்.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அந்தப் பாடம் நடந்தது. இளவரசர் ஆங்கிலத்தைப் பற்றிக்கொண்டார். வானியலையும் நிலநூலையும் பற்றிக்கொண்டார். கிறிஸ்தவ விசுவாசத்தை மட்டும் ஏற்கவில்லை. நீங்கள் செய்யச் சொல்வன போற்றத்தக்கவை, நம்பச் சொல்வனவோ ஏற்கத்தக்கவை அல்ல என்னும் பொருள்பட அவர் மறைப்பணியாளர்களிடம் கூறியதாகச் சொல்வர். காஸ்வெல் 1848-இல் பாங்காக்கிலேயே இறந்தார். மறு ஆண்டு அவரை அனுப்பிய சபை சயாமிலிருந்து விலகியது. பதினெட்டு ஆண்டு உழைப்புக்குப் பின், மனந்திரும்பிய சயாமியர் என்று காட்ட அவர்களுக்கு ஏறக்குறைய எவரும் இல்லை.

நம்முடைய பல்லெகுவாவின் நிலை வேறு. 1838-இல் ஆயராக அருட்பொழிவு பெற்ற அவர், அந்நாட்டு மொழியிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1854-இல் அவர் வெளியிட்ட அகராதி சயாமியச் சொற்களுக்கு இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொருள் கூறுகிறது. நம் வீரமாமுனிவரின் சதுரகராதியை நினைந்து பெருமை கொள்ளும் நாம், அதே வகை உழைப்பு சயாமிலும் நிகழ்ந்தது என அறிதல் நலம். எனினும் அவருடைய மந்தையிலும் சயாமியப் பௌத்தரிலிருந்து வந்தோர் குறைவே. போர்ச்சுகீசிய வழியினர், வியட்நாமியர், சீனர் ஆகியோரே மிகுதி.

மொழியறிவு நட்பைத் தந்தது. நட்பு காலத்தில் உதவிற்று. 1849-இல் பாங்காக்கில் காலரா பரவியபோது, புண்ணியம் சேரும்பொருட்டு உயிரினங்களைக் காணிக்கையாகத் தருமாறு அன்றைய அரசர் கேட்டார். அது மூடநம்பிக்கைக்கு உடன்படுவதாகும் என்று கருதி மறுத்த குருக்கள் எண்மர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1851-இல் மோங்குட் அரியணை ஏறியதும் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார். திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதருக்கும் அவருக்கும் இடையே மடல்களும் சென்று வந்தன.

அரசரான மோங்குட் தம் அரண்மனைப் பெண்களுக்கும் ஆங்கிலம் கற்பிக்க விரும்பினார். 1851-இல் அமெரிக்கப் போதகர்களின் மனைவியர் மூவர் அரண்மனைக்குள் அழைக்கப்பட்டனர். ஆங்கில எழுத்தோடு விவிலியமும் அங்கே நுழைந்தது. மூன்று ஆண்டுகள் கழிந்ததும் கதவு மூடிற்று. அதன் பின் 1862-இல் சிங்கப்பூரிலிருந்து அன்னா லியோனோவன்ஸ் என்ற கைம்பெண் ஆசிரியையாக வரவழைக்கப்பட்டார். அவருக்கு அரசர் தம் கைப்பட ஆங்கிலத்தில் எழுதிய மடலில், மொழியும் அறிவியலும் இலக்கியமும் கற்பித்தல் போதும், கிறிஸ்தவ மறைக்கு மாற்ற முயல வேண்டாம் என்று தெளிவாகக் குறித்தார். இந்த அம்மையார் பின்னாளில் எழுதிய நூல்களும், அவற்றைத் தழுவி எழுந்த நாடகமும் திரைப்படங்களும் அரசரை முரட்டுப் பேதையாகக் காட்டியதால் தாய்லாந்து மக்கள் இன்றும் மனம் புண்படுகின்றனர். தம் பிறப்பைப் பற்றியே அவர் உண்மை சொல்லவில்லை என்பதும், வேல்ஸ் நாட்டிலன்றி நம் இந்தியாவின் அகமத்நகரில் 1831-இல் பிறந்தவர் என்பதும் பின்னர் ஆய்வாளர் கண்டவை. அவரை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அரசரின் நிபந்தனை.

விகாரத்தில் அறை தந்த அதே மனிதர், பின்னாளில் ஏன் இவ்வாறு வாயைக் கட்டினார்? அவர் மனம் குறுகிவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. விகாரத்தில் நடந்தது ஒப்பந்தம். இன்ன நேரம் ஆங்கிலம், இன்ன அறையில் மறையுரை என்று இரண்டும் வெவ்வேறாக, வெளிப்படையாக இருந்தன. விரும்பியவன் அந்த அறைக்குள் போகலாம். விரும்பாதவன் வெளியே நிற்கலாம். அரண்மனைப் பெண்களுக்கு அந்த உரிமை இல்லை. எழுத்துக் கற்க வந்தவள் எழுந்து போக முடியாது. ஒன்றைக் கேட்டவனுக்கு மற்றொன்றைக் கலந்து கொடுப்பதை அரசர் விரும்பவில்லை; அவ்வளவே. அவர் கிறிஸ்தவ மறையை அறியாமல் தடுத்தவர் அல்லர். விவிலியத்தையும் போதகர்களின் வாதங்களையும் நன்கு அறிந்தே தடுத்தவர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. நற்செய்தியை அறிவிக்காவிடில் எனக்கு ஐயோ கேடு என்றவர் பவுலடியார். வாயை மூடிக்கொள்ளும் நிபந்தனையை ஏற்று அரசனின் ஊதியம் வாங்குவது திருத்தூதரின் வழியாகுமா? என் உடன் ஆசிரியர் ஒருவர் இதை வைத்தே என்னோடு பல ஆண்டுகள் வாதிட்டார். அவரை நான் வென்றதில்லை.

அவருக்கு நான் சொல்லக்கூடியது அதே பாங்காக்கில் எழுந்த ஒரு பள்ளியைப் பற்றித்தான். 1885-இல் எமில் கொலோம்பே என்ற பிரெஞ்சுக் குருவானவர், விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் அருகே அசம்ப்ஷன் கல்லூரியைத் தொடங்கினார். ஆங்கிலமும் பிரெஞ்சும் அந்நாட்டு மொழியும் கற்பிக்கப்பட்டன. கட்டடம் எழுப்ப அவர் கையேந்தியபோது மோங்குட்டின் மகனாகிய அரசர் சூலாலங்கோர்ன் பொருள் தந்தார். பௌத்த அரசர் கத்தோலிக்கப் பள்ளிக்குத் தந்த கொடை அது. 1901-இல் பள்ளிப் பொறுப்பை ஏற்கப் புனித கபிரியேல் சபை அருட்சகோதரர் ஐவர் கப்பலில் வந்திறங்கினர். நம் ஏற்காட்டில் 1917-இல் மான்ட்ஃபோர்ட் பள்ளியை நிறுவியதும் இந்தச் சபையே.

அந்த ஐவருள் இளையவர் அருட்சகோதரர் இலேர். வயது இருபது. அந்நாட்டு மொழியில் ஒரு சொல்லும் அறியாமல் வந்தவர். வகுப்பில் சிறுவர்கள் உரக்கப் படிப்பதைக் கேட்டுக் கேட்டே கற்றார். மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவர், அவர்கள் தங்கள் தாய்மொழியைச் செவ்வையாகப் பயில நல்ல பாடநூல் வேண்டும் என்று கண்டு, 1910 முதல் ‘தருணசிக்ஷா’ என்ற பாடநூல் வரிசையைத் தாமே எழுதினார். அயல்நாட்டான் எழுதிய தாய் மொழி அரிச்சுவடி! தலைமுறைகள் அதில் எழுத்துக் கற்றன. அவர் 1968-இல் இறக்கும்வரை அந்நாடே அவருக்கு வீடாக இருந்தது.

கணக்குக் கேட்பவருக்கு இதுவும் ஏமாற்றமே. தாய்லாந்தில் கத்தோலிக்கர் இன்றும் நூற்றுக்கு ஒருவர் அளவுகூட இல்லை. நம்மவர் அயலார், பிரெஞ்சுக்காரரின் ஆட்கள் என்ற ஐயம் மறையவும் இல்லை. 1940 டிசம்பரில் பிரெஞ்சு ஆட்சியோடு பகை மூண்டபோது சோங்கோன் சிற்றூரில் ஆசிரியரும் மறைக்கல்வி போதகருமான பிலிப் சீபோங் சுட்டுக்கொல்லப்பட்டார். சில நாளில் இரு அருட்சகோதரிகள் உள்ளிட்ட அறுவரும் கொல்லப்பட்டனர். 1989-இல் இரண்டாம் யோவான் பவுல் அவர்களை முத்திப்பேறு பெற்றவர்களாக உயர்த்தினார். பள்ளிகளில் நாம் மௌனம் காத்ததனால் சிலுவை நம்மைவிட்டு நீங்கிவிடவில்லை என்பதை என் நண்பரும் ஒப்புக்கொள்வார்.

அசம்ப்ஷன் கல்லூரியில் படித்தவர்களுள் சான்யா தம்மசக் ஒருவர். நீதிபதியாக உயர்ந்து, 1973-இல், மாணவர் எழுச்சி குருதியில் முடிந்த அந்தக் கொந்தளிப்பான வேளையில் பிரதமர் பொறுப்பை ஏற்றவர். பின்னாளில் உலகப் பௌத்தர் பேரவையின் தலைவராகப் பல ஆண்டுகள் விளங்கினார். கத்தோலிக்கத் துறவியரிடம் பயின்றவர், பௌத்தராகவே வாழ்ந்து, உலகப் பௌத்தருக்கே தலைவரானார். இதைத் தோல்வி என்பார் என் நண்பர். நான் என்ன சொல்வேன் என்பது என் பழைய மாணவர்களுக்குத் தெரியும்.

காஸ்வெலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். அரசரான பின் மோங்குட் தம் ஆசிரியரின் கல்லறையைத் தேடி அதன்மேல் நினைவுச் சின்னம் எழுப்பினார். அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்ட அவருடைய மனைவிக்குப் பணமும் அனுப்பினார். அந்த ஆசிரியர் மறையுரை ஆற்றிய அறையில் எத்தனை பேர் அமர்ந்து கேட்டார்கள் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை.