கல்லூரிச் சிற்றூரின் ஈர்ப்பும் இழப்பும்

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்சில் 1904ஆம் ஆண்டு தோன்றிய விவேகானந்தா ஆசிரமம், மலாயாவில் யாழ்ப்பாணத் தமிழர் வேரூன்றியதற்குச் சான்றாகும். அந்நாளில் அவர்களுட் பலர் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாகப் பணிபுரிந்தனர். அவர்களுக்கு ஆங்கிலக் கல்வி அளித்தவை யாழ்ப்பாணச் சிற்றூர்களில் எழுந்த கல்விக்கூடங்களே. அவ்வூர்களுள் முன்னிற்பது வட்டுக்கோட்டை.

பனையும் வயலும் சூழ்ந்த அவ்வூரில் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் ஒரு செமினரியை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் தலைவர். மாணவர் அங்கேயே தங்கித் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானநூல் ஆகியவற்றைப் பயின்றனர். நகரத்து ஆரவாரம் இல்லை. ஆசிரியரும் மாணவரும் அருகருகே வாழ்ந்தனர். சிற்றூர்க் கல்லூரியின் ஈர்ப்பு இதுவே. அதன் பயன் சிறிதன்று. 1841இல் தோன்றிய ‘உதயதாரகை’ இதழின் முதல் ஆசிரியர் இருவரும் இங்குக் கற்றவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் இச்செமினரியின் மாணவர்களே.

ஆயினும், கற்பித்த ஊரால் கற்றவருக்கு வேலை கொடுக்க இயலவில்லை. தாமோதரம்பிள்ளை அரசுப் பணியாற்றியதும், கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பித்ததும் தமிழகத்திலேயே. மாணவர் சமயப் பணியினும் அரசாங்க உத்தியோகத்தையே நாடினர் என்னும் குறை மிஷன் மேலிடத்தாருக்கு இருந்தது. 1855இல் செமினரி மூடப்பட்டது. ஒரே நிறுவனத்தை நம்பிய சிற்றூரின் நிலையாமை அன்று வெளிப்பட்டது. எனினும் அவ்வூர் கல்வியைக் கைவிடவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அங்கே தோன்றியது.

1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைத்து இருப்புப்பாதை ஓடத் தொடங்கியது. ஆங்கிலம் அறிந்த எழுத்தர்கள் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறினர். அவர்கள் அனுப்பிய மணியோடர் ஊரில் வீடுகளை எழுப்பிற்று. தம்பி தங்கையரைப் படிக்க வைத்தது. ஆனால் அப்படிப்பும் அடுத்த தலைமுறையைக் கடல் கடக்கவே ஆயத்தம் செய்தது. முதுமையில் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியோர் உண்டு. உழைக்கும் பருவமோ மலாயாவிற்கே உரியதாயிற்று.

ஆதலின் பிரிக்பீல்ட்சின் ஆக்கத்தில் யாழ்ப்பாணச் சிற்றூர்களின் இழப்பும் கலந்துள்ளது. கல்லூரி ஓர் ஊருக்குப் புகழ் தரும். கற்றோர் தங்கி வாழத் தொழிலும் அமைந்தாலன்றி அப்புகழ் ஊருக்கு வாழ்வாகாது. ஊர்தோறும் கல்விக்கூடம் வேண்டுவோர் இவ்விரண்டாம் தேவையையும் உடன் எண்ணுதல் கடன்.